அண்டங்காக்கையின் சிப்பியும் பள்ளிக்கூடத்தின் ஆணிகளும்

2004ஆம் ஆண்டிலிருந்து 2012 வரை கனடாவில் வெளிவந்த இருபது டொலர் தாளின் ஒரு பக்கத்தில் இரண்டாம் எலிசபெத் மகாராணி இருந்தார். மறுபக்கத்தில் ஓர் அண்டங்காக்கை இருந்தது. பெரிய சிப்பி ஒன்றின்மேல் அது குந்தியிருக்க, சிப்பிக்குள்ளிருந்து சின்ன மனிதர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அந்த ஆண்டுகளில் இங்கே வாழ்ந்த நாங்கள் எல்லோரும் அந்தக் காக்கையைப் பலசரக்குக் கடையிலும் கோயில் உண்டியலிலும் சீட்டுக்காசிலும் கைமாற்றியிருக்கிறோம். அது ஹைடா மக்களின் கதை என்பதையோ, செதுக்கியவர் பில் ரீட் என்பதையோ அறிந்து கைமாற்றியவர்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

மூலச் சிற்பம் வன்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'அண்டங்காக்கையும் முதல் மனிதர்களும்' என்பது பெயர். 1980இல் நிறைவு பெற்றது. அதே வளாகத்தில், நடந்துபோகக்கூடிய தூரத்தில், 2017 ஏப்ரல் 1ஆம் திகதி நிறுத்தப்பட்ட மீளிணக்கக் கம்பம் நிற்கிறது. அதைச் செதுக்கியவர் ஜேம்ஸ் ஹார்ட். இளவயதில் ரீட்டின் காக்கைச் சிற்பத்தில் உதவியாளராக உளி பிடித்தவர். இன்று ஹைடா மரபில் 'இடன்சூ' என்ற பட்டத்தைத் தாங்கும் குலத்தலைவர். மனிதரும் விலங்கும் தெய்வப் பிறவிகளும் ஒன்றில் ஒன்று கலக்கும் ஒரு மரபின் இரண்டு மரச்சிற்பங்கள் இவை. முதலாவதை உலகம் கொண்டாடுகிறது. இரண்டாவதைக் கலைப்படைப்பாகப் பேசுபவர்கள் குறைவு. பெரும்பாலும் நினைவுச்சின்னமாகவே பேசுகிறார்கள். கலையாகவும் இரண்டாவதே பெரிய காரியத்தைச் செய்கிறது என்பது என் கட்சி.

இந்த மரபின் கம்பங்களை முதல்முறை பார்க்கும் தமிழர் வாயில் வரும் சொல் 'யாளி'. நானும் அந்த ஒப்பீட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது உதவும். எந்த இடத்தில் உதவாது என்பதும் சொல்லப்பட வேண்டும். எங்கள் தேர்ச் சிற்பத்தில் யாளிக்குச் சிங்க உடல், சில வேளை யானைத் துதிக்கை. மகரத்தின் வால் சுருண்டு கொடியாகும். கொடி இலைவிட்டு, இலை நடுவே அன்னமோ பூதமோ முளைக்கும். காமதேனு வாகனத்துக்குப் பெண் முகம், பசு உடல், சிறகு, மயில் தோகை. ஒவ்வோர் உறுப்பும் எந்த உயிரிலிருந்து வந்தது என்று விரலால் தொட்டுச் சொல்லலாம். கலப்பு என்பது எங்களுக்கு உறுப்புகளின் கூட்டல்.

ஹைடா மரபில் கூட்டல் வேறு கணக்கு. ஓர் உடலின் மூட்டுகளில் கண்கள் இருக்கும். தோள்மூட்டில் ஒரு கண், உள்ளங்கையில் ஒரு முகம். கரடியின் இரண்டு காதுகளுக்கு நடுவில் அண்டங்காக்கை. அதன் அலகு கரடியின் நெற்றியில் இறங்கும். எங்கே ஓர் உயிர் முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கோடு போட முடியாது, ஏனென்றால் கோடே இருவருக்கும் பொது. பில் ஹோம் என்ற ஆய்வாளர் 1965இல் வெளியிட்ட நூலில் இந்தக் கோட்டின் இலக்கணத்தை விளக்கினார். தடித்தும் மெலிந்தும் அறுபடாமல் ஓடும் ஒரு கோடு; முட்டை வடிவங்கள், ப வடிவங்கள்; முதன்மைக் கோடு பெரும்பாலும் கறுப்பு, அடுத்தது சிவப்பு. நேர் அலகு என்றால் அண்டங்காக்கை, வளைந்த அலகு என்றால் கழுகு. முன்பற்களும் கட்டம் போட்ட வாலும் என்றால் நீர்நாய் போன்ற பீவர். முதுகுத் துடுப்பு உயர்ந்தால் ஓர்க்கா திமிங்கிலம். இந்த அடையாளங்கள் இருந்துவிட்டால் போதும், மிச்ச உடலை எப்படி வேண்டுமானாலும் மடிக்கலாம், பிளக்கலாம், விரிக்கலாம். ஒரு பெட்டியின் நான்கு பக்கங்களிலும் ஒரே விலங்கைப் பிளந்து விரித்த விதம்தான் பிரான்ஸ் போவாஸையும் பிறகு லெவி ஸ்ட்ராஸையும் வியக்கவைத்தது.

யாளியோடு ஒப்பீடு முறியும் இடம் இனித்தான் வருகிறது. யாளி காவல் காக்கும்; ஆனால் யாளி என் பாட்டன் என்று சொல்லும் குடும்பம் எங்களில் இல்லை. ஹைடா கம்பத்தில் உள்ள கரடி ஒரு குறிப்பிட்ட குலத்தின் சின்னம். ஹைடா மக்கள் அண்டங்காக்கை, கழுகு என்று இரு பெரும் பிரிவினர். மட்டக்களப்புக் குடிமுறை போலத் தாய்வழியில் பிரிவு வரும். ஒரே பிரிவுக்குள் திருமணம் கூடாது. எந்தச் சின்னத்தை யார் செதுக்குவிக்கலாம் என்பதற்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமை பொட்லாச் என்ற பெருவிருந்தில், சாட்சிகளுக்குப் பரிசில் கொடுத்து நிலைநாட்டப்படும். ஆகவே கம்பத்தில் மனிதனும் கரடியும் ஒட்டி நிற்பதைக் கலைஞனின் கற்பனை வளம் என்று மட்டும் புகழ்வது, ஒருவரின் காணி உறுதியைப் பார்த்துக் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். கனடிய அரசுக்கு இது விளங்கியிருந்தது. 1885இலிருந்து 1951 வரை பொட்லாச் சட்டப்படி குற்றம். அதற்கு முன்பே, 1862இல் பரவிய பெரியம்மை ஊர் ஊராக மக்களைக் கொன்றிருந்தது. நூற்றாண்டின் முடிவில் உயிரோடு மிஞ்சிய ஹைடா மக்கள் ஏறத்தாழ 600 பேர். ஆளில்லாத ஊர்களில் நின்ற கம்பங்கள் உலகெங்கும் அருங்காட்சியகங்களுக்குப் போயின.

பில் ரீட் இந்த இடைவெளிக்குள் பிறந்தவர். 1920இல் விக்ரோரியாவில் பிறந்தார். தாய் ஹைடாப் பெண், தகப்பன் வெள்ளையர். தாய் சோஃபி கிளாட்ஸ்டன் சிறுமியாகக் கொக்குவலீட்சா வதிவிடப் பள்ளியில் வளர்ந்தவர். தன் பிறப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பேசாமல் இருக்க அந்தப் பள்ளி அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. வெள்ளையரை மணந்ததால் சட்டப்படி அவருடைய பூர்வகுடித் தகுதியும் போய்விட்டது. தாய்வழியில் பார்த்தால் மகன் ஹைடா. கனடாவின் ஏட்டில் அவர் அப்படி இல்லை. ரீட் சிபிசி வானொலி அறிவிப்பாளராகப் பணிபுரிந்தபடி ரொறொன்ரோவில் நகைவேலை படித்தார். தாய்வழிப் பாட்டனின் மாமனான சார்ள்ஸ் ஈடன்ஷோவின் வேலைகளை அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து, அளந்து, கோட்டின் இலக்கணத்தைத் தானே மீட்டெடுத்தார். மொழி அறியாத பேரப்பிள்ளை பழைய ஓலைகளைக் கொண்டு இலக்கணம் படித்ததுபோல. இதன் அருமை புலம்பெயர்ந்தவர்களுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இனி அந்தக் காக்கைச் சிற்பம். வெள்ளம் வடிந்தபின் ஹைடா குவாயின் வடமுனையில், ரோஸ் ஸ்பிட் கரையில், பசியாறிய அண்டங்காக்கை பொழுதுபோகாமல் திரிகிறது. ஒரு சிப்பியைக் காண்கிறது. உள்ளே பயந்த சின்ன உயிர்கள். ஆசை காட்டி வெளியே வரவழைக்கிறது. அவர்கள்தான் முதல் மனிதர்கள். 1970இல் உள்ளங்கையில் அடங்கும் அளவில் ரீட் இதைச் செதுக்கினார். பத்தாண்டுகளுக்குப் பிறகு அதுவே பெருஞ்சிற்பமானது. 106 மஞ்சள் சீடார்த் துண்டங்களை ஒட்டி ஆக்கிய ஒரு பெருங்கட்டையில் செதுக்கியது. ரீட்டுக்கு அப்போதே பார்க்கின்சன் நோய். ஜோர்ஜ் நொரிஸ், ரெஜ் டேவிட்சன், ஜோர்ஜ் ரம்மெல், பின்னாளில் ஹைடா தேசத்தின் தலைவரான குஜாவ், ஜேம்ஸ் ஹார்ட் ஆகியோரின் கைகளும் அதில் உண்டு. இதைக் குறையாகச் சொல்பவர்கள் இருந்தார்கள். தேர்வேலை நடக்கும் கொட்டிலைப் பார்த்தவர்களுக்கு அது குறையாகத் தெரியாது.

சிற்பம் அழகானது. காக்கையின் முகத்தில் குறும்பும் பொறுப்பும் ஒருங்கே இருக்கின்றன. சிப்பிக்குள் இருப்பவர்களில் ஒருவர் தலையை நீட்டுகிறார், ஒருவர் முழுக்க வெளியே வரப் பார்க்கிறார், ஒருவர் உள்ளேயே திரும்பிவிட எண்ணிப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார். சுற்றிவர நடந்து பார்க்க வேண்டும்; ஒவ்வோர் அடிக்கும் கதை நகரும். ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒன்று புலப்படும். இங்கே எவரும் எவரோடும் கலக்கவில்லை. காக்கை காக்கையாகவும், மனிதர்கள் தசையும் முதுகெலும்பும் உள்ள மனிதர்களாகவும், சிப்பி சிப்பியாகவும் தனித்தனியே இருக்கின்றன. பழைய கோடு காக்கையின் சிறகிலும் வாலிலும் அலங்காரமாக ஒதுங்கிவிட்டது. கலப்பு உடலைவிட்டு வெளியேறிக் கதைக்குள் போய்விட்டது. ஐரோப்பியச் சிற்பக் கண்ணோடு வருபவர்களுக்கு இந்தச் சிற்பம் உடனே பிடித்துப்போவதற்கும், பணத்தாளில் அது சங்கடமில்லாமல் பொருந்தியதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். சின்னத்துக்கு உரிமை கோரும் குலம் இந்தச் சிற்பத்துக்குள் இல்லை. முதல் மனிதர்கள் எல்லோருக்கும் முதல் மனிதர்கள். நாடு முழுவதும் சொந்தம் கொண்டாடலாம்.

ரீட்டை இதைச் சொல்லிச் சிறுமைப்படுத்த முடியாது. கோடே மறைந்துபோன காலத்தில் அதைக் காதுக்குக் கேட்கும் குரலில் சொன்னவர் அவர். தன் கலைக்கும் காட்டுக்கும் உள்ள உறவையும் அவர் மறக்கவில்லை. வாஷிங்டனில் கனடியத் தூதரகத்துக்காக 'ஹைடா குவாயின் ஆவி' என்ற வெண்கலப் படகைச் செய்துகொண்டிருந்தபோது, ஹைடா குவாய்க் காடுகள் தறிக்கப்படுவதை எதிர்த்து 1987இல் வேலையை நிறுத்தினார். காட்டை அழிக்க விடும் அரசுக்கு அந்தக் காட்டின் சின்னங்களால் பெருமை தேடித்தர முடியாது என்பது அவருடைய நிலை. காட்டின் தென்பகுதியைப் பாதுகாக்க உடன்பாடு வந்தபிறகே வேலை தொடர்ந்தது.

காட்டைப் பற்றி இன்னொரு விடயம். உலகின் அடர்ந்த மழைக்காடுகளில் ஒன்றில் வாழ்ந்த இந்த மக்களின் சிற்பத்தில் இலை, பூ, கொடி மிக அரிது. கொடிக்கருக்கு இல்லாத மரவேலையை எங்கள் கண் வறுமை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். நான் அதை இப்படிப் படிக்கிறேன். அவர்களுக்கு வீடு சீடார்ப் பலகை, படகு சீடார், பெட்டி சீடார். உடுப்பும் தொப்பியும் கயிறும் சீடார்ப் பட்டை. பட்டையை ஒரு பக்கம் மட்டும் உரித்து மரத்தை உயிரோடு விடுவார்கள்; அந்தத் தழும்போடு நூற்றாண்டுகள் கடந்த மரங்கள் இன்றும் காட்டில் நிற்கின்றன. செதுக்கப்படும் எல்லா உடலுக்கும் உடல் மரம்தான். கம்பத்தில் தாவரம் உருவமாக வரத் தேவையில்லை, உருவங்கள் எல்லாம் தாவரத்துக்குள்ளேயே இருக்கின்றன. இந்தக் கோணத்தில் 106 துண்டங்களை ஒட்டிய கட்டையில் எதோ இழக்கப்பட்டிருக்கிறது. வேலையின் அளவு அதைக் கேட்டது. மஞ்சள் சீடாரில் அவ்வளவு பருத்த ஒற்றை மரம் கிடைக்காது. ஆனாலும் அதில் மரம் பொருளாகிவிட்டது, உயிர் என்ற தகுதியை விட்டுவிட்டது.

ஹார்ட்டின் கம்பம் ஏறத்தாழ 800 ஆண்டு வயதுடைய ஒற்றைச் சிவப்பு சீடார். உயரம் 55 அடி. சுற்றிலும் விரிவுரை மண்டபங்கள், சைக்கிள்கள், கையில் கோப்பியோடு வகுப்புக்கு ஓடும் மாணவர்கள். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில் சால்மன் மீன்கள். அவற்றுக்கு மேல், கரடித்தாயின் கால்களுக்கு நடுவில், மீன்கள் திரும்பி வரச் சடங்கு செய்யும் மந்திரவாதி. கரடித்தாய் என்பவள் கரடியை மணந்து, பாதி மனிதரும் பாதி கரடியுமான இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற ஹைடாப் பெண். கம்பத்தில் தன் குட்டிகளை அணைத்திருக்கிறாள். அவள் காதுகளுக்கு இடையிலிருந்து அண்டங்காக்கை பார்க்கிறது. இதுவரை நான் மேலே சொன்ன பழைய இலக்கணம் முழு உரிமையோடு நடக்கிறது. மீன் மந்திரவாதியைத் தாங்க, மந்திரவாதி தாயின் மடிக்குள் அடங்க, தாயின் தலையிலிருந்து பறவை பிறக்கிறது.

அதற்கு மேல் ஒரு பள்ளிக்கூடம். வதிவிடப் பள்ளிக்கூடம், ஹார்ட்டின் பாட்டனார் போன கொக்குவலீட்சா அதற்கு முன்மாதிரி. ரீட்டின் தாயும் போன அதே பள்ளி. கம்பத்தின் கீழ்ப்பகுதி முழுவதும் வளைந்து ஓடிவந்த கோடு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. சுவர், கூரை, நேர்க்கோடு. கரடியின் மூட்டிலும் கண் இருக்கும் ஒரு மரபில், கண்ணே இல்லாத ஓர் உடம்பு. கம்பத்திலேயே எதோடும் கலக்காத உருவம் அது ஒன்றுதான். அதற்கு மேல் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சீருடை, ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பதிலாக ஓர் இலக்கம். பாதங்கள் காட்டப்படவில்லை, அந்தக் காலத்தில் அவர்களுக்கு ஊன்றிநிற்க நிலம் இருக்கவில்லை என்பது பொருள்.

பள்ளிக்கூடத்தின்மீது செம்பு ஆணிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன. 68,000க்கும் மேல். ஓர் ஆணி, அந்தப் பள்ளிகளில் இறந்த ஒரு பிள்ளை. பள்ளிகளிலிருந்து உயிர்தப்பியவர்கள், இறந்தவர்களின் உறவினர், இன்றைய பள்ளி மாணவர்கள் என்று பல நூறு கைகள் சுத்தியல் பிடித்து அறைந்தவை அவை. சுமார் 150,000 பிள்ளைகள் இந்தப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டதாக உண்மை, மீளிணக்க ஆணைக்குழு 2015இல் அறிக்கையிட்டது. இறந்தவர்களின் முழுக்கணக்கு இன்னும் முடியவில்லை. ஆணைக்குழுவின் அறிக்கை அலமாரியில் இருக்கிறது; ஆணி மழையில் நிற்கிறது. முள்ளிவாய்க்காலில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியோடு வாழ்பவர்களுக்கு இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். எண்ணிக்கையை மறுப்பவர்கள் இருக்கும்வரை, ஒன்று ஒன்றாக எண்ணுவதே ஓர் அஞ்சலி.

கலைரீதியில் இங்கே நடந்திருப்பது இதுதான். கலப்பைத் தன் மொழியாகக் கொண்ட ஒரு மரபு, தன்னை அழிக்கவந்த ஒன்றைக் காட்டவேண்டி வந்தபோது, கலப்பை மறுத்துக் காட்டியது. பேய் முகம் செதுக்கியிருக்கலாம்; அதற்குப் பழைய இலக்கணத்தில் இடமும் இருந்தது. அப்படிச் செய்திருந்தால் அந்தப் பள்ளியும் உறவுக்காரப் பேயாக, கதைக்குள் அடங்கும் பேயாக மாறியிருக்கும். ஹார்ட் அதற்கு உறவு கொடுக்கவில்லை. ஆனால் ஆணிகளின் மூலம் பிள்ளைகளை அதே சுவரில் திரும்ப ஏற்றிவிட்டார். கண் இல்லாத கட்டடத்துக்கு அவர்கள் கண்ணாகிறார்கள். வெயில் விழும்போது அது வெறும் உவமையாகத் தோன்றாது.

கம்பத்தின் மேல்பாதி எனக்கு இவ்வளவு நிறைவு தரவில்லை. திமிங்கிலம், கரடி, கழுகு, இடிப்பறவை என்ற நால்வகை முன்னோர் ஆவிகள் உறுதியானவை. அதற்கு மேல் மரபு உடையில் ஒரு குடும்பம், அதன்மேல் பூர்வகுடிப் படகும் ஐரோப்பியப் படகும் பக்கத்தில் பக்கத்தில் முன்னேறுவது, உலக மக்களைக் குறிக்கும் நான்கு நிறச் செப்புக் கேடயங்கள், உச்சியில் கழுகு. ஒவ்வொன்றும் நல்ல எண்ணம். ஆனால் அடிப்பாதியில் உருவங்கள் ஒன்றை ஒன்று பெற்றெடுக்கின்றன. மேலே ஒன்றின்மேல் ஒன்று அடுக்கப்படுகின்றன. இரு படகுகள் சமமாகப் போவது, நடந்த வரலாற்றைவிட நடக்கவேண்டிய வரலாறு. கம்பத்துக்கு 'மீளிணக்கம்' என்று பெயர் வைத்தால் உச்சியில் நம்பிக்கை வைத்தே ஆகவேண்டும் போலும். பெயர் கேட்டதைச் சிற்பம் கொடுத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தின் நேர்க்கோடு கேட்டது வேறு.

இதை எழுதும் எனக்கும் இந்தக் கம்பத்துக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி. எங்கள் சொந்த இழப்பை வைத்து அவர்களுடையதை விளங்கிக்கொண்டோம் என்று பெருமூச்சுவிடுவது சுலபம். ஆனால் நாங்கள் அகதிகளாக வந்து பெற்ற குடியுரிமை, அந்தப் பள்ளிகளை நடத்திய அதே அரசு தந்தது. 2021 முதல் குடியுரிமைச் சத்தியத்தில் பூர்வகுடிகளின் உரிமைகளை மதிக்கும் வரி சேர்ந்திருக்கிறது. உறவு என்று ஒன்று இருந்தால் அது அந்த வரியின் பாரம்தான். காக்கை படம்போட்ட தாளைக் கைமாற்றியவர்கள் குலச்சின்னத்துக்கு உரித்து உண்டு என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நிஸ்கா மக்களின் கம்பம் ஒன்று 1929இல் எடுக்கப்பட்டு, ஸ்கொட்லாந்துக்குப் போய், 2023இல் வீடு திரும்பியது. கோயில் விக்கிரகங்கள் திரும்பி வந்தபோது மகிழ்ந்த எங்களுக்கு அந்தச் செய்தியின் முழு அர்த்தமும் எட்டியிருக்க வேண்டும்.

வன்கூவருக்குப் போகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். முதலில் அருங்காட்சியகம். காக்கையைச் சுற்றியுள்ள மணல், ரோஸ் ஸ்பிட்டிலிருந்து ஹைடாப் பிள்ளைகள் கொண்டுவந்தது, அதையும் கவனியுங்கள். பிறகு நடந்து கம்பத்துக்குப் போங்கள். உள்ளே இருப்பது காலநிலை கட்டுப்படுத்தப்பட்ட கூடத்தில் பல தலைமுறை இருக்கும். வெளியே நிற்பதன் விதி வேறு. ஹைடா வழக்கப்படி கம்பம் மழையில் நின்று, பாசி பிடித்து, உக்கி, ஒருநாள் மண்ணில் விழும். அப்படி விழவேண்டும் என்றே நிறுத்துவார்கள். ஹார்ட்டின் கம்பமும் விழும். கரடித்தாயும் படகுகளும் பள்ளிக்கூடமும் மண்ணாகும். அந்த இடத்தில் மிஞ்சப்போவது செம்பு ஆணிகள்.